ரெக்கார்டிங்கில் ‘டிக்’ சத்தம்: எங்கே தேடுவது, எப்படித் தீர்ப்பது?

மைக் நல்ல மைக், கணினியும் போதுமான வேகம். ஆனால் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டால் நடுநடுவே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், ஒரு சொல்லின் பாதி விழுங்கப்பட்டிருக்கும், அல்லது குரலுக்கு அடியில் ‘கொய்ங்’ என்று ஒரு இரைச்சல் ஓடும். யாரைக் கேட்டாலும் ‘பஃபரைக் கூட்டு’ என்பார்கள் (கணினிக்குள் ஒலி மொத்தமாகக் கைமாறும் கட்டுதான் பஃபர், விவரம் பிறகு). சில கோளாறுகளுக்கு அது சரியான மருந்து. மற்றவற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எனவே எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் வந்திருப்பது எந்த வகைக் கோளாறு என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இங்கே சொல்வது விண்டோஸ் டெஸ்க்டாப், அதில் யூஎஸ்பி வழியாகச் செருகிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியை எண்ணாக மாற்றிக் கணினிக்குத் தரும் பெட்டி) அல்லது யூஎஸ்பி மைக் என்ற அமைப்புக்கு. வீட்டிலிருந்து பாடுபவர்கள், பாட்காஸ்ட் செய்பவர்கள், வீடியோவுக்குக் குரல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

சத்தம் கோப்பில் இருக்கிறதா?

பதிவை மூன்று முறை ஓடவிட்டுக் கேளுங்கள். ‘டிக்’ ஒவ்வொரு முறையும் அதே சொல்லில், அதே இடத்தில் விழுந்தால் அது கோப்பிலேயே பதிந்துவிட்டது. ஒருமுறை இங்கும் ஒருமுறை அங்கும் விழுந்தால் கோப்பு சுத்தமாக இருக்கிறது, திரும்ப ஒலிக்கச் செய்யும்போதுதான் கணினி தடுமாறுகிறது. சந்தேகம் தீராவிட்டால் கோப்பை மொபைலுக்கு அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். மொபைலில் சத்தம் இல்லையென்றால் மறுபடி பதிவு செய்யத் தேவையே இல்லை.

கோப்பில் இருப்பது உறுதியானால் ஆடாசிட்டி, ரீப்பர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருளில் திறந்து, சத்தம் வரும் இடத்தை ஒவ்வொரு சாம்பிளும் (ஒலியை ஒருமுறை அளந்த எண்) தனிப் புள்ளியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அலையின் வடிவம் பாதி விடையைச் சொல்லிவிடும். வளைந்து போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று செங்குத்தாக வேறு உயரத்துக்குத் தாவி, அங்கிருந்து ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால், இடையில் சில சாம்பிள்கள் தொலைந்துபோயின என்று பொருள். கோடு சட்டென்று நடுக்கோட்டில் படுத்து, சிறிது தூரம் தட்டையாகக் கிடந்து மறுபடி எழுந்தால் ஒரு பஃபர் முழுவதும் வெறுமையாக வந்திருக்கிறது. இவை இரண்டும் நேரத்துக்குள் வேலை முடியாததால் வருபவை. அலையின் உச்சிகள் மட்டும் கத்தியால் சீவியதுபோல் சமமாக இருந்தால் அது வேறு கதை: மைக்கின் கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகம். எங்கும் முறிவு இல்லாமல், நீங்கள் பேசாத இடத்திலும் ஒரே சீராக அலை ஓடிக்கொண்டிருந்தால் மின்சார இரைச்சல்.

கெயின் கோளாறை இங்கேயே முடித்துவிடலாம். நீங்கள் உரக்கப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், சராசரி மைனஸ் 18 அளவில் இருக்கட்டும். 24 பிட்டில் பதிந்தால் இந்த அளவு தாராளம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சீவப்பட்ட உச்சியைப் பிறகு முழுமையாக மீட்க வழியில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: கெயின் அதிகமாகி இன்டர்ஃபேஸிலேயே ஒலி சீவப்பட்ட பிறகு, மென்பொருளில் ஃபேடரைக் குறைத்தால் மீட்டர் பச்சையாகத் தெரியும், ஒலி மட்டும் கரகரக்கும். திருக வேண்டியது இன்டர்ஃபேஸில் உள்ள கெயின் குமிழை.

20 சதவீதம் மட்டுமே வேலை செய்யும் கணினி ஏன் தடுமாறுகிறது?

பலரையும் குழப்புவது இதுதான். டாஸ்க் மேனேஜரில் சிபியு 15, 20 சதவீதம்தான் காட்டுகிறது. அப்படியிருக்க ஏன் ஒலி உடைகிறது?

இன்டர்ஃபேஸ் ஒரு விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்கள் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் போவதில்லை. ஒரு கட்டு சேர்ந்ததும் மொத்தமாகத்தான் கைமாறும். அந்தக் கட்டுதான் பஃபர். தெருக்குழாயில் இரண்டு குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் நிறைவதற்குள் மற்றதை வீட்டுக்குள் கொண்டுபோய் ஊற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும். குழாயை மூட முடியாது. வர ஒரு நொடி தாமதமானால் தண்ணீர் வழிந்து போகும். நாள் முழுவதும் நீங்கள் எவ்வளவு ஓய்வாக இருந்தீர்கள் என்பது அந்த நொடியில் உதவாது.

கணக்கும் அப்படியே. பஃபர் 256 சாம்பிள் என்றால், 48,000 ஹெர்ட்ஸில் ஒரு கட்டுக்குக் கிடைக்கும் நேரம் 5.3 மில்லிவிநாடி. 128 என்றால் 2.7. 64 என்றால் வெறும் 1.3. 1024 என்றால் 21.3. பத்து நிமிடப் பதிவில் 256 பஃபர் 1,12,500 முறை கைமாறுகிறது. அதில் ஒரே ஒரு முறை தாமதம் ஆனாலும் அது உங்கள் காதில் ஒரு ‘டிக்’. டாஸ்க் மேனேஜர் காட்டுவதோ நெடுநேரத்தின் சராசரி. 8 மில்லிவிநாடிக்கு வைஃபை ட்ரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) சிபியுவைப் பிடித்து வைத்துக்கொண்டால் சராசரியில் அது தெரியவே தெரியாது, ஆனால் ஒரு கட்டு போயிருக்கும்.

பஃபரைக் கூட்டினால் அவகாசம் கூடுகிறது. அதற்கு விலை லேட்டன்சி: மைக்கில் பாடியது கணினிக்குள் போய், ஹெட்போனுக்குத் திரும்ப வர ஆகும் தாமதம். உள்ளே ஒரு பஃபர், வெளியே ஒரு பஃபர், அதோடு இன்டர்ஃபேஸும் ட்ரைவரும் எடுத்துக்கொள்ளும் சிறிது நேரம். 256-இல் இது 10 மில்லிவிநாடியைத் தாண்டும், அங்கிருந்துதான் பாடுபவர்களுக்கு உறுத்த ஆரம்பிக்கும். இதற்காகப் பலர் பஃபரை 64-க்கு இறக்கி வைத்துக்கொண்டு ‘டிக்’கோடு மல்லுக்கட்டுகிறார்கள். தேவையில்லை. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பொத்தானோ குமிழோ இருக்கும். அதைப் போட்டால் உங்கள் குரல் கணினியைச் சுற்றாமல் நேரே ஹெட்போனுக்கு வரும். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும். இப்போது பஃபரை 512 அல்லது 1024-க்கு ஏற்றினால் ஒரு நஷ்டமும் இல்லை. ட்ரைவர் தெரிவிக்கும் தாமதத்தைக் கழித்து, பதிந்ததை மென்பொருள் சரியான இடத்தில் வைத்துவிடும். கணினிக்குள் இருக்கும் கிட்டார் ஆம்ப் பிளக்-இன் வழியாகவோ, மிடி கீபோர்டில் மென்பொருள் வாத்தியத்தையோ வாசிப்பவர்களுக்குத்தான் சின்ன பஃபர் உண்மையிலேயே தேவை.

ட்ரைவர்

பஃபரைத் தொடும் முன் எந்த ட்ரைவர் வழியாக ஒலி வருகிறது என்று பாருங்கள். விண்டோஸில் எம்எம்இ, டைரக்ட் சவுண்ட், வாசாபி, ஆசியோ என்று பல பாதைகள். எம்எம்இ மிகப் பழையது. வாசாபி விண்டோஸ் விஸ்டாவில் வந்தது. ஆசியோ, ஸ்டெயின்பெர்க் நிறுவனம் இசைப்பதிவுக்கென்றே வகுத்தது. விண்டோஸின் ஒலிக் கலவையை ஒதுக்கிவிட்டு இன்டர்ஃபேஸோடு நேரடியாகப் பேசும். இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களே ஆசியோ ட்ரைவர் கொடுத்திருந்தால் அதைத்தான் போட வேண்டும். செருகியவுடன் விண்டோஸ் தானாகக் கண்டுகொண்டது, ஒலியும் வருகிறது என்று அப்படியே விட்டுவிடுபவர்கள் அதிகம். அது விண்டோஸின் பொது ட்ரைவர். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்த கணினிகள் நிறைய. சொந்த ட்ரைவர் இல்லாத யூஎஸ்பி மைக்குக்கு வாசாபியே போதும். ‘ஆசியோ ஃபார் ஆல்’ என்பது விண்டோஸ் ட்ரைவருக்கு ஆசியோ வேடம் போட்டுவிடும் மென்பொருள், வேறு வழி இல்லாதபோது பயன்படும்.

ரீப்பரில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போனால் ட்ரைவரும் பஃபரும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஆடாசிட்டியில் ஆடியோ செட்டப் பொத்தானில் ‘ஹோஸ்ட்’ என்பதை வாசாபிக்கு மாற்றலாம். ஆடாசிட்டியில் இன்னொரு வசதி: பதியும்போதே சாம்பிள்கள் தொலைந்தால் அது கண்டுபிடித்து, எங்கெங்கே என்று லேபிள் டிராக்கில் குறித்துக் கொடுக்கும். அப்படி லேபிள் வந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். கணினி நேரத்துக்கு வரவில்லை.

யார் தாமதப்படுத்துகிறார்கள்?

பஃபர் 512, சரியான ட்ரைவர், இன்னும் ‘டிக்’ வருகிறது என்றால் கணினிக்குள் வேறு யாரோ சிபியுவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் நீங்கள் வழக்கமாகப் பதிவு செய்யும் நிலையில் வைத்துவிட்டு, அதை ஒரு பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு ‘ட்ரைவர்ஸ்’ பக்கத்தில் அதிக நேரம் எடுத்ததன்படி வரிசைப்படுத்துங்கள். மேலே நிற்பவர்கள் பெரும்பாலும் பழகிய முகங்கள்தான்: நெட்வொர்க் ட்ரைவர், என்விடியா கிராபிக்ஸ் ட்ரைவர், மின்சக்தி மேலாண்மையைப் பார்க்கும் ஏசிபிஐ, சேமிப்பகத்தைக் கவனிக்கும் ஸ்டோர்போர்ட். மில்லிவிநாடியைவிட ஆயிரம் மடங்கு சிறிய மைக்ரோவிநாடியில் எண்கள் இருக்கும். 1000-ஐத் தாண்டினால் ஒரு மில்லிவிநாடி. 128 பஃபரில் உங்களுக்குக் கிடைக்கும் 2.7-இல் அது எவ்வளவு பெரிய துண்டு என்று பாருங்கள்.

சோதனை எளிது. நெட்வொர்க் மேலே நின்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரை ‘டிசேபிள்’ செய்து, மறுபடி பத்து நிமிடம் பதியுங்கள். ‘டிக்’ நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார்: புதிய ட்ரைவர் போடலாம், லேன் கேபிளுக்கு மாறலாம், அல்லது பதியும்போது மட்டும் அணைத்து வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்சக்தி அமைப்புகள் இரண்டை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடலாம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ தேர்ந்தெடுங்கள். சிபியு வேகத்தைக் குறைத்து, தேவைப்படும்போது மறுபடி ஏறும் விளையாட்டு குறையும். அதே இடத்தில் அட்வான்ஸ்டு அமைப்புகளில், சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தை உறங்கவைக்கும் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை ‘டிசேபிள்டு’ ஆக்குங்கள். கேபினெட் விளக்கு, மின்விசிறி வேகம், வெப்பநிலை காட்டும் சிறு மென்பொருள்களையும் மூடிவிடுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை அவை வன்பொருளை விசாரிக்கப் போகும். அதே இடைவெளியில் உங்களுக்கு ‘டிக்’ விழும்.

ஹார்ட் டிஸ்க்கை அநாவசியமாகச் சந்தேகிக்க வேண்டாம். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் விநாடிக்கு 1,44,000 பைட். பதினாறு டிராக் சேர்ந்தாலும் 2.3 மெகாபைட்தான், பழைய டிஸ்க்கே சமாளிக்கும். ஆனால் ஒன்டிரைவோடு ஒத்திசையும் கோப்புறையிலோ பென்டிரைவிலோ நேரடியாகப் பதியாதீர்கள்.

யூஎஸ்பி வழியில்

யூஎஸ்பியில் கோப்பு நகலெடுக்கும்போது ஒரு துண்டு கெட்டால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒலி போகும் முறையில் அப்படி இல்லை. நேரத்துக்கு வர வேண்டும் என்பதற்காக மறுமுறை அனுப்பும் ஏற்பாடே அதில் கிடையாது, கெட்டது கெட்டதுதான். அதனால் பென்டிரைவ் ஒழுங்காக வேலை செய்யும் அதே போர்ட்டில் இன்டர்ஃபேஸ் தடுமாறலாம்.

கேபினெட்டின் முன்பக்க போர்ட்டுகள் உள்ளே ஒரு நீளக் கேபிள் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகின்றன. பின்பக்கத்தில் உள்ளவை மதர்போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டவை. இன்டர்ஃபேஸை அங்கே செருகுங்கள், ஹப் வேண்டாம். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதற்கும் குறைவாக இருப்பது நல்லது. வெப்கேமராவும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் ஒரே ஹப்பில் இன்டர்ஃபேஸோடு தொங்கினால் பாதைக்குச் சண்டை வரும். ரைசன் கணினி வைத்திருப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்: 500 வரிசை சிப்செட் மதர்போர்டுகளில் யூஎஸ்பி இணைப்பு இடையிடையே அறுபடுவதை 2021-இல் ஏஎம்டி நிறுவனமே ஒப்புக்கொண்டு, அஜீசா 1.2.0.2 என்ற திருத்தத்தை பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டாகக் கொடுத்தது. அந்தக் காலத்து போர்டில் பயாஸைத் தொடாமலே இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

கடிகாரம் வைத்தாற்போல் விழும் ‘டிக்’

ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று சீராக விழுந்தால் பஃபரை எவ்வளவு ஏற்றினாலும் போகாது, இடைவெளி மட்டும் நீளும். இரண்டு ஒலிச் சாதனங்கள் ஒன்றாக ஓடுகின்றன என்பதன் அடையாளம் அது. யூஎஸ்பி மைக்கில் பேசி, மதர்போர்டின் பச்சைத் துளையில் ஹெட்போன் செருகிக் கேட்பவர்களுக்கு இது வரும். இரண்டும் 48,000 என்று சொன்னாலும் இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட விநாடிக்கு 2.4 சாம்பிள் விலகும். 107 விநாடியில் ஒரு 256 பஃபர் அளவுக்கு முந்தியோ பிந்தியோ போய்விடும். அந்தக் கணத்தில் ஒன்றை வீச வேண்டும் அல்லது வெறுமையாக நிரப்ப வேண்டும். தீர்வு ஒன்றுதான்: மைக்கும் ஹெட்போனும் ஒரே சாதனத்தில் இருக்கட்டும். பல யூஎஸ்பி மைக்குகளின் அடியிலேயே ஹெட்போன் துளை இருப்பது இதற்காகவும்தான். மேக்கில் இரண்டைச் சேர்த்து ‘அக்ரிகேட் டிவைஸ்’ செய்தால் ‘ட்ரிஃப்ட் கரெக்ஷன்’ பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள்.

சாம்பிள் ரேட்டும் (விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பது) எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ட்ரோல் பேனல், சவுண்ட், ரெக்கார்டிங் தாவலில் மைக்கை இரட்டைக் கிளிக் செய்து ‘அட்வான்ஸ்டு’ போனால் விண்டோஸ் எதை வைத்திருக்கிறது என்று தெரியும். 44,100-இல் பதிந்ததை 48,000 என்று எண்ணி ஓட்டினால் வேகம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடி, சுருதி ஒன்றரை அரைச்சுரம் மேலே போய்விடும். பாடகருக்கு அது உடனே உறைக்கும், பேச்சில் ‘ஏதோ அவசரமாகப் பேசுகிறாரே’ என்று மட்டும் தோன்றும்.

விண்டோஸ் செய்யும் ‘உதவி’

சொல்லின் கடைசி ‘ம்’, ‘ன்’ விழுங்கப்பட்டு ‘வந்தான்’ என்பது ‘வந்தா’ என்று கேட்கிறதா? அது கணினி தடுமாறியதால் அல்ல. இரைச்சல் நீக்கும் வசதி மெல்லிய ஒலியை இரைச்சல் என்று முடிவு கட்டி வெட்டியிருக்கிறது. தம்பூராவை வைத்துப் பாடினால் இன்னும் மோசம்; மாறாமல் ஒலிக்கும் நாதம்தான் அதற்கு முதல் எதிரி. சவுண்ட் அமைப்பில் மைக்கின் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ அனைத்தையும் அணையுங்கள். அதே ஜன்னலின் ‘கம்யூனிகேஷன்ஸ்’ தாவலில் ‘டூ நத்திங்’ தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஜூம் அழைப்பு வந்ததும் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தினால் ஒலி பெரும்பாலும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

இரைச்சல்

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் கோளாறு இருந்தால் 50-இலும் 100-இலும் ‘ம்ம்ம்’ என்று உறுமும். கணினி ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் வேறு அறைச் சுவரிலும் இருந்தால் இரண்டு எர்த் பாதைகள் ஒரு வளையமாகி உறுமல் வரும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, வழியில் ஏறும் இரைச்சலை நீக்கும் பேலன்ஸ்டு கேபிளால் இணையுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் உறுமல் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கலாம், ஆனால் கேபினெட்டைத் தொட்டவர் உயிருக்கு அது உலை. மின்வெட்டில் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரத்தால் கணினியைக் குறை சொல்ல வேண்டாம்.

கூர்மையாக ‘ஈஈ’ என்று 1,000 ஹெர்ட்ஸிலோ 8,000 ஹெர்ட்ஸிலோ விசில் கேட்டால் அது யூஎஸ்பியின் துடிப்பு. யூஎஸ்பி 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறையும், வேக முறையில் 125 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறையும் துடிக்கிறது. அது மின்சப்ளை வழியாக மைக்குக்குள் கசிகிறது. வேறு போர்ட், குட்டைக் கேபிள், தனி அடாப்டர் உள்ள இன்டர்ஃபேஸ் என்று வரிசையாக முயலலாம். மௌஸை அசைக்கும்போது சத்தம் மாறினால் மதர்போர்டின் இளஞ்சிவப்புத் துளையில் மைக் செருகியிருப்பீர்கள். கிராபிக்ஸ் கார்டின் பக்கத்தில் இருக்கும் அந்தத் துளையை விட்டுவிட்டு மலிவான ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

லினக்ஸில் பைப்வயர் என்ற ஒலி மென்பொருள் இருந்தால், அதன் ‘டாப்’ கருவியில் பிழை என்ற பத்தியில் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மேலே சொன்ன தாமதக் கதைதான். அங்கே பஃபருக்குப் பெயர் குவான்டம்.

ஏற்கெனவே பதிந்துவிட்ட பேட்டியில் ஒன்றிரண்டு ‘டிக்’ மட்டும் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஆடாசிட்டியில் முறிந்த இடத்தை 128 சாம்பிளுக்கு மிகாமல் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’ கொடுங்கள். இருபுறமும் உள்ள அலையைப் பார்த்து இடைவெளியை அது வளைத்து நிரப்பும். அதற்கு மேல் நீளமாகத் தொலைந்திருந்தால் அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி பேசிப் பதிந்து ஒட்ட வேண்டும். அதே அறை, மைக்கிலிருந்து அதே தூரம், மின்விசிறி அப்போது ஓடியிருந்தால் இப்போதும் ஓடட்டும். வெட்டும் இடத்தை மூச்சு வாங்கும் இடைவெளியில் வையுங்கள்.